சவுரியம்மா சொன்னதும் நான் சொன்னதும்

1. புதன்கிழமைக் கால் மணி நேரம்

ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கிளார்க்காகச் சேர்ந்த வாரத்தில்தான் புதுத் துரையும் வந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் தொடக்கம். அஸ்ஸாம் தோட்டம் ஒன்றில் இருந்து மானேஜராக வந்த வெள்ளைக்காரர். தமிழில் ‘சரி’, ‘போ’ இரண்டும்தான் தெரியும். முதல் நாளே என்னைக் கூப்பிட்டு, “தொழிலாளிகள் மனதில் இருப்பது எனக்குத் தெரிய வேண்டும். நீ எடுத்துச் சொல்” என்றார். காலையில் ஆள் பிரித்து அனுப்பும் பெரட்டு முடிந்ததும், புதன்தோறும் கால் மணி நேரம் யார் வேண்டுமானாலும் அவரிடம் பேசலாம் என்று ஏற்பாடு.

துரைக்கு முன்னால் தலை நிமிராத சனத்துக்கு இது பெரிய அதிசயம். எனக்கோ தலைகால் புரியவில்லை. ஆனால் என் இங்கிலீஷ் மிஷன் பள்ளியில் விண்ணப்பம் எழுதிக் கற்ற இங்கிலீஷ். ‘பணிவுடன் வேண்டுகிறேன்’ இல்லாமல் அதில் ஒரு வாக்கியமும் வராது.

2. தடிப்பாலம்

சவுரியம்மா கொழுந்து பறிக்கிறவள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயில் வேறு பேசத் தெரியாது. ஒரு புதன்கிழமை முன்னால் வந்து நின்றாள்.

“தொரை, ஏழாம் நம்பர் காட்டுக்குப் போற தடிப்பாலம் உளுத்துப் போச்சு. மழைக்கு முந்தி மாத்திப் போடாட்டா எவளாவது கூடையோட ஓடையில விழுந்து சாவா. பொறவு வந்து எட்டிப் பாத்து என்ன பிரயோசனம்?”

இதை அப்படியே துரையிடம் எப்படிச் சொல்வது? “பாலத்தைச் சௌகரியப்படும்போது கவனித்தால் தொழிலாளிகள் மிகவும் நன்றியுடன் இருப்பார்கள்” என்று இங்கிலீஷில் சொன்னேன். துரை சிரித்தார். எவ்வளவு மரியாதையான பெண் என்றார். மழைக்காலம் முடிந்ததும் பார்க்கலாம் என்றார்.

“என்னய்யா சொல்லுதாரு?” என்றாள்.

“கவனிக்கேன்னு சொல்லிட்டாரும்மா.”

இரண்டு பக்கமும் முகம் மலர்ந்தது. கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டதாக நினைத்து அன்று மதியம் நிம்மதியாகச் சாப்பிட்டேன். 

3. ஆஸ்பத்திரிக் கட்டில்

துரை ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டுக்கு ஒரு நாளும் நடந்து போனதில்லை. மேல் ரோட்டில் மோட்டார் சைக்கிளை நிறுத்திப் பார்த்தால் பச்சையாகத் தெரியும், அவ்வளவுதான். மழை பிடித்த இரண்டாம் வாரம் தடி முறிந்தது. பாலத்தில் போகப் பயந்து நின்ற பெண்களிடம், “கவனிக்கேன்னு தொரையே சொல்லியாச்சு, ஆபத்துன்னா விட்டிருப்பாரா, தைரியமா வாங்க” என்று முதலில் கால் வைத்தவள் சவுரியம்மாதான். இடுப்பெலும்பு போயிற்று.

துரை பிஸ்கட் டப்பாவோடு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அது வேஷம் இல்லை. “இவ்வளவு ஆபத்து என்று ஏன் யாரும் என்னிடம் சொல்லவில்லை? கேள்” என்றார்.

சவுரியம்மா என் முகத்தையே பார்த்தாள். “என்ன கேக்காரு?”

“சீக்கிரம் சுகமாகணும்னு சொல்லுதாரு.”

“அவள் என்ன சொல்கிறாள்?” என்றார் துரை. நன்றி சொல்கிறாள் என்றேன். 

மறுநாளே புதுப் பாலம் வந்தது. அதற்கு வேண்டிய மரம் மாசக்கணக்காக ஃபாக்டரிக்குப் பின்னால்தான் கிடந்தது.

4. லயத்து அறை

வேலைக்கு ஆள் இல்லாத வீட்டுக்கு தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்தில் அறை கிடையாது. கம்பெனிச் சட்டம். சவுரியம்மாவுக்கு இனிமேல் மலை ஏற முடியாது என்று டாக்டர் எழுதினார். அறையைக் காலி செய்யச் சொல்லும் கடிதத்தை நான் டைப் அடித்தேன். துரை பெருமூச்சு விட்டார். விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவளுடைய ஊர் அவளுக்கே மறந்துபோயிருந்தது. கம்பம் டவுனில் யாரோ தூரத்துச் சொந்தம் இருப்பதாகச் சொன்னாள்.

குமுளிக்குப் போகும் லாரியில் நாலு பேர் அவளைத் தூக்கி வைத்தார்கள். நான் கீழே நின்றேன்.

“ஐயா, ஒண்ணு கேக்கேன். அன்னைக்கு நான் சொன்னத சொன்னபடியே தொரைகிட்ட சொன்னீகளா?”

“சொன்னேம்மா.”

“அப்ப அவரு மனசுதான் கல்லு” என்றாள். லாரி கிளம்பிவிட்டது.

அதற்குப் பிறகு புதன்கிழமைகளில் ஒருவரும் முன்னால் வரவில்லை. தன் தோட்டத்தில் குறையே கிடையாது என்று துரை மேலிடத்துக்கு எழுதினார். அதையும் நான்தான் டைப் அடித்தேன்.

பல வருஷம் பல துரைமாருக்கும் முதலாளிமாருக்கும் கீழே வேலை பார்த்துவிட்டேன். குறை கேட்கிறவர் என்று ஒருவரைப் யாராவது பாராட்டினால் நான் கூடச் சேர்ந்து பாராட்டுவதில்லை. கேட்ட குறையைப் போய்ப் பார்த்தாரா என்று மட்டும் விசாரிப்பேன். என்னைப் போல நடுவில் நிற்கிறவர்களே, குறை சொல்கிறவர்கள் கோபமாகச் சொன்னால் கோபமாகவே எடுத்துச் சொல்லுங்கள். அந்தக் கோபம் உங்களுடையது அல்ல, அதைக் குறைக்க உங்களுக்கு உரிமை இல்லை. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒருத்தியின் இடுப்பெலும்பு வேண்டியிருந்தது. அவள் கடைசியாகக் கேட்ட கேள்விக்கும் பொய்யைத்தான் கொடுத்து அனுப்பினேன்.