எரிக்கிற துணியும் ஏற்றுகிற துணியும்

வேலை செய்துகொண்டிருப்பவனைப் பார்த்தால் எங்கள் மலாயர் ஊர்க்காரர்கள் முதலில் சொல்வது "களைச்சுப் போகாம இருங்க" என்பதுதான். ரொட்டிக்கடைக்காரனுக்கும் அதுதான், ஊசி போடும் நர்சுக்கும் அதுதான். கொடி அச்சடிக்கும் நோஸ்ரத்துக்கு மட்டும் அதைக் கேட்டாலே எரிச்சல் வரும்.

"களைச்சுப் போய் எவ்வளவோ வருஷம் ஆச்சு. இப்ப வந்து சொல்றியே," என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் அது சிரிப்பில்லை என்று பக்கத்துக் கடைக்காரர்களுக்குத் தெரியும்.

அவருடைய பட்டறை கடைத்தெருவுக்குப் பின்னால், சந்து திரும்பும் இடத்தில். ஒரு நீள மேசை, சுவரில் சாய்த்த அச்சுச் சட்டங்கள், எப்போதும் காயாத சாய வாடை. பள்ளிக்கூடங்களுக்கு நாட்டுக் கொடி, முஹர்ரம் மாதத்துக்குக் கறுப்புத் துணி, துக்க ஊர்வலத்துக்கு இமாமின் பேரில் "யா ஹுசைன்" என்று எழுதிய பச்சைக் கொடி, நாற்சந்தியில் கட்ட நாட்டை ஆளும் பெரியவர்களின் படம் போட்ட பேனர், எல்லாம் அங்கேதான் அடித்தாக வேண்டும். ஆர்ப்பாட்ட நாள் நெருங்கினால் இன்னொரு வேலையும் வரும். அது எரிப்பதற்கான கொடி.

எரிக்கிற கொடி என்றால் ஏனோதானோவென்று அடிக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஏற்றுகிற கொடியைப் பாலியெஸ்டரில் அடிப்பார்கள். வெயிலுக்கும் மழைக்கும் அது தாங்கும். ஆனால் தீ வைத்தால் எரியாது, உருகிச் சொட்டும். ஒரு வருஷம் அப்படிச் சொட்டி ஒருவர் கை வெந்துபோனதிலிருந்து எரிக்கிற கொடி பருத்தியில்தான் இருக்க வேண்டும் என்று உத்தரவு. ஆக எங்கள் ஊரில் எதிரியின் கொடிக்கு நல்ல பருத்தி, நம்முடைய கொடிக்குப் பாலியெஸ்டர். அமெரிக்காவுக்கு ஐம்பது நட்சத்திரம் அடித்து நோஸ்ரத்துக்கு அலுத்துவிட்டது. சில வருஷமாக முப்பதோடு நிறுத்திக்கொள்கிறார். எண்ணிப் பார்த்து எரிக்கிறவன் யாருமில்லை.

சவூதிக் கொடியில்தான் சங்கடம். அதில் அல்லாவின் பெயரும் நபியின் பெயரும் சேர்ந்த கலிமா எழுதியிருக்கிறது. எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் கலிமாவை எரிக்க முடியுமா? அதனால் எங்கள் ஊரில் எரிகிற சவூதிக் கொடி வெறும் பச்சை, அதில் ஒரு வாள். அவ்வளவுதான்.

நோஸ்ரத் எரிக்கிற துணியையும் புனிதத் துணியையும் ஒன்றோடொன்று கலக்கவிட மாட்டார். புனிதப் பெயர் அடிக்கும் நாளில் கைகால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டுத்தான் சட்டத்தைத் தொடுவார். அந்தத் துணிகள் மேல் அலமாரியில்தான் இருக்கும், இடுப்புக்குக் கீழே இறங்கக் கூடாது. பெயர் எழுதிய கழிவுத் துண்டுகளை வெள்ளைச் சாக்கில் சேர்த்து வசந்த காலத்தில் ஆற்றில் விடுவார். எரிக்கிற துணி வாசலோரம் தரையில் கிடக்கும். அதில் மிஞ்சியதை அவர் மனைவி ஒஸ்ரா அடுப்படிக்கு எடுத்துக்கொள்வாள். அவள் சோற்றுப் பானையை இறக்குவதே நட்சத்திரத் துணியால்தான்.

இப்படியே காலம் போயிருக்கும், மகன் பர்ஸு உள்ளே போகாமல் இருந்திருந்தால்.

பர்ஸு மரச் சாமான் கடையில் செதுக்கு வேலை செய்தவன். விலையேற்றத்தை எதிர்த்து ஜனங்கள் தெருவில் இறங்கிய நாளில் அவன் கூட்டாளி ஒருவனுக்குப் போலீஸ் சுட்ட ரவை பட்டு ஒரு கண் போயிற்று. பர்ஸு அடுத்த நாள் பட்டப்பகலில் நாற்சந்திக்குப் போய், அங்கே கட்டியிருந்த பேனருக்குத் தீ வைத்தான். முகத்தைக்கூட மூடிக்கொள்ளவில்லை. அந்த பேனரை அடித்தவர் நோஸ்ரத். மகன் எரித்தது அப்பன் அடித்த துணி. ஆறு வருஷம் போட்டார்கள்.

பெருநாள்களில் சிலருக்கு மன்னிப்பு கிடைக்கும். அதைப் பேசி வாங்கித் தருகிறேன் என்றவர் கமாலி, ஆர்ப்பாட்டக் கமிட்டியின் பொறுப்பாளர். எரிக்கிற கொடிக்கு ஆர்டர் கொடுப்பவரும் அவரேதான். கெட்ட மனுஷர் என்று சொல்லிவிட முடியாது. சர்க்கரை நோய்க்காரர், மேலே இருப்பவர்களிடம் ஏச்சு வாங்கி வாங்கி முகம் தொங்கிப் போனவர். நோஸ்ரத்துக்கு அந்த வேலை வெறுத்துப்போய்விட்டது. ஆனால் விட்டால் மகன் பேரை எடுத்துச் சொல்ல வேறு நாதியில்லை. அதனால் அடித்துக்கொண்டிருந்தார்.

இந்த வருஷமும் ஆர்ப்பாட்டத்துக்கு முந்தின வாரம் கமாலி வந்து தேநீர் குடித்தார். சர்க்கரைக் கட்டியைத் தொடவில்லை. தொழில் தெரிந்தவரை உஸ்தா என்பதும் மதிப்புக்குரியவரை ஆகா என்பதும் எங்கள் ஊர் வழக்கம்.

"உஸ்தா, பையன் விஷயம் என் மனசுலயே இருக்கு. நபி பிறந்த நாளுக்கு நடந்துரும்."

"போன பெருநாளுக்கும் இதையேதான் சொன்னீங்க, கமாலி ஆகா."

"போன தடவ ஆளக் கூப்பிட்டுக் கேட்டாங்களே! 'வருத்தப்படறேன்'னு ஒரு வார்த்த. அதச் சொல்ல உங்க பையனுக்கு நாக்குல சுளுக்கா?"

"அவன் அம்மா நாக்கு. சுளுக்கெல்லாம் வராது."

உள்ளேயிருந்து ஒஸ்ராவின் குரல் வந்தது. "ஆமா, நல்லதெல்லாம் உங்க வம்சம், கெட்டது மட்டும் என் நாக்கு!"

கமாலி சிரித்துவிட்டு, கோப்பையை வைத்தார். "அவன் சொல்லாட்டிப் போறான். அப்பன் செஞ்ச சேவையச் சொல்லி நான் வாங்கறேன். நீங்க மட்டும் இந்தத் தடவ ஒரு கொறையும் இல்லாம முடிச்சுக் குடுங்க."

நோஸ்ரத் குறையில்லாமல்தான் முடித்தார். ஆனால் ஆர்ப்பாட்டத்துக்கு முந்தின நாள் சிறையில் மகனைப் பார்க்கும் முறை. போக ஒரு பஸ், வர ஒரு பஸ், நடுவில் சோதனை, காத்திருப்பு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பர்ஸு இளைத்துப் போயிருந்தான். திரும்பி வரும்போது மழை. பட்டறை வாசலில் கமாலி அனுப்பிய வண்டி ஹாரனை அடித்துக்கொண்டு நின்றது. நோஸ்ரத் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலோரம் கட்டி வைத்திருந்த மூட்டைகளை எடுத்து வண்டிக்குள் தள்ளினார். கோடு போட்டது ஒன்று, நீலம் ஒன்று, பச்சை ஒன்று.

அன்று மதியமே கூரை ஒழுகியிருந்தது. மேல் அலமாரியில் தண்ணீர் இறங்குவதைப் பார்த்த ஒஸ்ரா, ஊர்வலப் பச்சைக் கொடி மூட்டையைக் கீழே இறக்கி, நனையாத ஒரே இடமான வாசலோரத்தில், எரிக்கிற பச்சை மூட்டைக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். தரையில் வைக்க மனம் வராமல் அடியில் சுத்தமான துப்பட்டி ஒன்றையும் விரித்திருந்தாள். எல்லாம் மரியாதைக்குத்தான்.

மறுநாள் ஆர்ப்பாட்டத்தை இருவரும் வீட்டில் உட்கார்ந்து உள்ளூர்த் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். ஒஸ்ரா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அமெரிக்கா எரிந்தது. பிறகு ஒருவர் சுருட்டிய பச்சைத் துணி மேல் பெட்ரோல் ஊற்றி, கோலில் தூக்கிப் பற்றவைத்தார். நோஸ்ரத் முன்னால் சாய்ந்தார். துணி எரியவில்லை. உருகியது. கறுப்பு கறுப்பாகச் சொட்டியது, பிடித்திருந்தவர் கையை உதறினார்.

"பருத்தி இப்படி உருகாதே," என்றார்.

ஒஸ்ராவின் கையிலிருந்து கீரை விழுந்தது. "அல்லாவே! நான் வாசல்ல எறக்கி வச்சேனே!"

தொலைக்காட்சிக்காரன் சட்டென்று மைதானத்தின் இன்னொரு பக்கத்தைக் காட்டினான். ஆனால் கூட்டத்தில் எல்லார் கையிலும் செல்போன் இருந்தது. நெருப்புக்கு நடுவில் "ஹுசைன்" என்ற எழுத்து பாதி நின்று சுருங்குவதை அன்று சாயங்காலத்துக்குள் ஊரே பார்த்துவிட்டது.

கமாலி வந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"இமாமோட பேரை என் ஆளுங்க கையால கொளுத்த வச்சுட்டீங்களே, உஸ்தா!"

"நான் என்ன வேணும்னா செஞ்சேன்? கை தவறிப் போச்சு."

"அதையேதான் சொல்லணும். நாளைக்கு நீதிபதி கூப்பிடுவாரு. மழை, கூரை, பஸ்ல வந்த களைப்பு, மூட்டை மாறிப்போச்சு. நடந்தத அப்படியே சொல்லுங்க. பொய்யே வேண்டாம். சொல்லிட்டு வாயை மூடிட்டு வந்துருங்க. பெருநாளுக்குப் பையன் வீட்ல இருப்பான். என் தலை மேல சத்தியம்."

நோஸ்ரத் தலையாட்டினார். நடந்ததை நடந்தபடி சொல்வதில் என்ன கஷ்டம்?

கஷ்டம் ஏதும் இருக்கவில்லை. நீதிபதி தலைப்பாகை கட்டிய வயதானவர், குரல் மென்மையானது. கமாலி ஓர் ஓரத்தில் கைகட்டி நின்றார். நோஸ்ரத் எல்லாவற்றையும் சொன்னார். அழுகை வந்தது, அதையும் மறைக்கவில்லை. இமாமின் பேருக்காக அவர் மனம் நிஜமாகவே வெந்துகொண்டிருந்தது.

நீதிபதி அவருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். "அழாதீங்க. எல்லாத்துக்கும் நிய்யத்துதான் கணக்கு. உங்க மனசுல கெட்ட எண்ணம் இல்ல. கொளுத்தினவங்க மனசுலயும் இல்ல. எண்ணம் இல்லாத எடத்துல குத்தம் இல்ல. நீங்க போகலாம்."

கமாலி மூச்சு விட்டது நோஸ்ரத்துக்குக் கேட்டது. அவர் எழுந்து, நெஞ்சில் கை வைத்துக் குனிந்துவிட்டு, கதவுப் பிடியில் கை வைத்தார். அப்போது நீதிபதி பின்னாலிருந்து வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்.

"உஸ்தா, களைச்சுப் போகாம இருங்க."

வேறு நாளாக இருந்தால் நோஸ்ரத் பல்லைக் கடித்துக்கொண்டு போயிருப்பார். போயிருக்க வேண்டும். ஆனால் உடம்பிலிருந்த அத்தனை களைப்பும் அப்போதுதான் அவரைத் திருப்பி நிறுத்தியது.

"ஹாஜ் ஆகா, என் பையன் ஒரு துணியக் கொளுத்தினான். அதுல இமாம் பேரு இல்ல. ஒரு மனுஷனோட படம். ஆறு வருஷம்."

"உஸ்தா!" என்றார் கமாலி.

நீதிபதி கமாலியைக் கையால் அடக்கினார். "உங்க பையன் தெரிஞ்சே செஞ்சான். எண்ணத்தோட செஞ்சான். அதான் வித்தியாசம்."

"அதத்தான் நானும் சொல்றேன். இத்தன வருஷமா கொளுத்தறதுக்குன்னு நான்தான் அடிச்சுக் குடுக்கறேன். பள்ளிக்கூடத்துலேர்ந்து வண்டியில ஏத்திட்டு வர்ற புள்ளைங்க கொளுத்துதுங்க. ஆபீஸ்ல ஆஜர் குடுத்துட்டு வந்தவங்க கொளுத்தறாங்க. முடிஞ்சதும் கேக்கும் ஜூஸும் வாங்கிட்டு வீட்டுக்குப் போறாங்க. எவன் மனசுலயும் எந்த நிய்யத்தும் கெடையாது, நான் பாக்கறேன். இந்த ஊர்லயே மனசாரக் கொளுத்தினவன் என் பையன் ஒருத்தன்தான். அவன் மட்டும் உள்ள இருக்கான்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்தும் நோஸ்ரத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. "போங்க," என்று மட்டும் சொன்னார்.

வெளியே படியில் கமாலி அவர் கையைப் பிடித்தார். கோபத்தைவிட அழுகைதான் அதிகம் இருந்தது அவரிடம். "கதவு வரைக்கும் போயிட்டீங்களே, மனுஷா. கதவு வரைக்கும்!"

நோஸ்ரத்தை யாரும் தண்டிக்கவில்லை. பெருநாள் வந்தது. மன்னிப்பு கிடைத்தவர்கள் இனிப்போடு வீடு திரும்பினார்கள். பர்ஸு வரவில்லை.

ஒஸ்ரா அன்று அடுப்பே மூட்டவில்லை. "ரெண்டு நிமிஷம் வாயை மூடிட்டு இருக்க முடியலையா உங்களால? என் நாக்கு, என் நாக்குன்னு சொல்வீங்களே, இது யார் நாக்கு? என் புள்ள இந்நேரம் இங்க உக்காந்து சாப்பிட்டுட்டு இருப்பான்." அவள் சொன்னது நியாயம். தன் கையாலேயே மகனை மறுபடி உள்ளே தள்ளிப் பூட்டியதுபோல இருந்தது அவருக்கு. பட்டறைக்குப் போகப் பிடிக்கவில்லை.

மகனைப் பார்க்கும் அடுத்த முறை வந்ததும் பஸ் ஏறினார். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று கோத்துக்கொண்டே போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பர்ஸு வந்து உட்கார்ந்து, தொலைபேசியை எடுத்தான்.

"உன்ன நான் கெடுத்துட்டேன்டா," என்று தொடங்கி, ஒன்றுவிடாமல் சொன்னார். மழையையும், மூட்டையையும், நீதிபதியையும், கதவுவரை போனதையும் சொன்னார். சொல்லி முடித்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

பர்ஸுவின் தோள் குலுங்குவது ஓரக்கண்ணில் தெரிந்தது. அழுகிறான் என்று நினைத்து நோஸ்ரத் நிமிர்ந்தார். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். உள்ளே போனதிலிருந்து அவன் சிரித்து அவர் பார்த்ததில்லை.

"பாபா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டு இருக்கேன். அந்த பேனரை என்ன எழவுல அடிச்சீங்க? பத்தவே மாட்டேன்னுச்சு. ஒரு தீப்பெட்டியே காலி. அதுக்குள்ள போலீசே வந்துருச்சு."

பேசுவதை யாரோ கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நோஸ்ரத்துக்குத் தெரியும். சுவரில் அறிவிப்பே ஒட்டியிருந்தது. அவர் அதை ஒரு தடவை பார்த்தார்.

"அது நிக்கறதுக்குன்னு அடிச்சது, பாலியெஸ்டர்டா," என்றார். "கொளுத்தப் போறதா இருந்தா முன்னாடியே வந்து சொல்லியிருக்கணும். நல்ல பருத்தியில அடிச்சுக் குடுத்திருப்பேன்."

மகன் கண்ணாடி மேல் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தான். இதைக் கேட்டபின் அடுத்த பெருநாள் மன்னிப்பும் போயிற்று என்று நோஸ்ரத் நினைத்துக்கொண்டார். நேரம் முடிந்தது என்று காவலாளி வந்து தோளைத் தொடும்வரை அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.