முப்பத்தொரு அங்குலம்

ஏழு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது நோரீன் மோசர் பனி தள்ளும் லாரியைத் தன் வீட்டெதிரில் நடுரோட்டில் அப்படியே நிறுத்திவிடுவாள். மேலே மஞ்சள் விளக்கு சுழலும். பின்னால் பள்ளிப் பேருந்தும் பால் லாரியும் வேலைக்குப் போகிற நாலு பேரும் நிற்பார்கள். யாரும் ஹாரன் அடிப்பதில்லை. வெளியூர்க்காரர் ஒருவர் ஒருமுறை அடித்தார். நோரீன் திரும்பி நடந்து போய் அவர் கார்க் கண்ணாடியைத் தட்டினாள். "ஏரி மேல இருந்து வந்து கொட்டுற பனியையே என்னால நிறுத்த முடியல. உன்னை நிறுத்துறது சுலபம், தெரியும்ல?" என்றாள். அவர் வீடு போய்ச் சேரும்வரை ஹாரனைத் தொட்டிருக்க மாட்டார்.

வீட்டுப் பக்கவாட்டில், கார் ஷெட்டுக்குப் பின்னால், வெள்ளைப் பெயின்ட் அடித்த இரண்டடிப் பலகை ஒன்று பனிக்குள் கிடக்கும். உலோக அளவுகோலை நாலு இடத்தில் இறக்கிப் பார்த்து, சராசரி எடுத்து, அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு வரை பென்சிலால் எழுதுவாள். பேனா அந்தக் குளிரில் உறைந்துவிடும். பிறகு பலகையைத் துடைத்து, புதுப் பனியின் மேல் வைத்துவிட்டு லாரிக்குத் திரும்புவாள். மொத்தம் ஐந்து நிமிடம்.

இருபத்திரண்டு வருடமாக கெல்லர் கார்னர்ஸ் ஊருக்கு ரோடு சுத்தம் செய்வது அவள் வேலை. பனியை அவள் திட்டும் வார்த்தைகளைப் பத்திரிகையில் போட முடியாது. அதே பனியைப் பலகையில் பார்த்தால் மூச்சைக்கூட மெல்ல விடுவாள். "ரோட்டுல கிடந்தா குப்பை, பலகையில கிடந்தா கணக்கு. இதுகூடப் புரியலைன்னா நீ என்ன கணக்கு வாத்தியார்?" என்று என்னைக் கேட்டிருக்கிறாள். நான் பக்கத்து வீடு. பதினெட்டு வருடமாக இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

மேட்டுக்கு அந்தப்புறம் ஆறு மைலில் பைன் ஹாலோ. அங்கே பனி அளப்பவர் டுவைட், நோரீனின் மாஜி கணவர். சீசன் முடிவில் எந்த ஊரில் அதிகம் விழுந்ததோ அந்த ஊர்த் தீயணைப்பு நிலையச் சுவரில் தங்கநிறப் பெயின்ட் அடித்த, பனி அள்ளும் ஷவல் ஒன்று தொங்கும். அடிவாரத்துக் கடையில் பத்து டாலருக்குக் கிடைக்கிற சாதா ஷவல்தான். அது ஒன்பது வருடமாக பைன் ஹாலோவில் தொங்குவதால் எங்கள் ஊரில் பல பேருக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

டுவைட் ஏமாற்றுகிறார் என்பது நோரீனின் கட்சி. புதுப் பனி சுட்ட பூரி மாதிரி, விட்டுவைத்தால் அமுங்கிவிடும். மணிக்கொரு தரம் அளந்து, துடைத்து, கூட்டிக்கொண்டே போனால் இல்லாத உயரமெல்லாம் வரும். "அவன் அளவுகோலைப் புல்லுக்குள்ள ஒரு அங்குலம் சொருகுனதை என் கண்ணால பார்த்தேன். அதைச் செய்றவன் வேற எதைத்தான் செய்யமாட்டான்? அன்னைக்கே வக்கீலுக்கு போன் போட்டேன்." விவாகரத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன என்பார்கள். அவள் சொல்வது இது ஒன்றைத்தான்.

சட்டதிட்டம் என்றால் நோரீன் ஒரு இஞ்ச் நகரமாட்டாள். ஊர் லாரி தனியார் வாசலுக்குள் நுழையக்கூடாது என்பது விதி. அதனால் ஊருக்கெல்லாம் வழி திறப்பவளின் சொந்த வாசலில் முழங்கால் வரை பனி கிடக்கும். அதைப் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே அதுதான் வழக்கம். முதலில் எழுந்தவன் அடுத்தவன் வாசலையும் தள்ளிவிடுவான். சொல்லிக்காட்ட மாட்டான், நன்றியும் கேட்க மாட்டான்.

போன மார்ச்சில் ஏரி வெறிபிடித்துக் கொட்டியது. அப்போது டுவைட் ஆறு அங்குலம் முன்னால் இருந்தார். காலை ஆறு மணிக்கு நான் என் மெஷினை முடுக்கினேன். பனியை வாரித் தூர வீசும் மெஷின் அது. நோரீன் வாசலை அரைமணியில் சுத்தமாக்கி, உபகாரி என்ற மமதையோடு உள்ளே போய்க் காபி குடித்தேன்.

அன்று நோரீன் எழுதியது முப்பத்தொரு அங்குலம். டுவைட்டுக்கு இருபத்திரண்டு. சாயங்காலம் ஆப்பிள் வைத்துச் சுட்ட பை ஒன்றோடு வந்து என் சமையலறையில் ஏறக்குறைய ஆடினாள். "மூணு அங்குலம் லீடிங், வாத்தியாரே! அந்த லைலாக் செடி ஓரமா பலகையை மாத்தினது எவ்வளவு நல்லதாப் போச்சு பாரு!"

பலகை எப்போதும் கார் ஷெட்டுக்குப் பின்னால்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். என் மெஷின் அரைமணி நேரம் பனியைத் துப்பியது நேராக அந்த லைலாக் செடியின் மேல். வாயிலிருந்த பைத் துண்டை விழுங்கினேன். விஷயத்தையும் சேர்த்து விழுங்கினேன்.

ஐந்து வாரம் வாயைத் திறக்கவில்லை. ஷவல் எங்கள் ஊருக்கு வரட்டுமே என்கிற அற்ப ஆசை. அதைவிட நோரீன்மேல் இருந்த பயம். ஏப்ரல் கடைசி வெள்ளியன்று தீயணைப்பு நிலையத்தில் பொரித்த மீன் விருந்து. இரண்டு ஊரும் கூடியிருந்தது. ஷவல் மேசைமேல் மினுங்கியது. மீன் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற நோரீன், பல வருடத்துக்குப் பிறகு உதட்டுக்குச் சாயம் பூசியிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. சொல்லிவிட்டேன்.

அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"எவ்வளவு வீசின?"

"தெரியாது, நோரீன்."

"உத்தேசமா?"

"சத்தியமாத் தெரியாது."

"ஒரு அங்குலமா பத்து அங்குலமான்னு தெரியாததை நான் எப்படி எழுதறது? ஒன்பது வருஷம், வாத்தியாரே."

மேடைக்குப் போய் மைக்கைப் பிடித்தாள். மார்ச் பதினேழு அளவு செல்லாது, பலகைமேல் மனுஷக் கை பட்டுவிட்டது, அந்த நாளை அடித்துவிடுங்கள் என்றாள். யார் கை என்று சொல்லவில்லை. எங்கள் ஊர் மேசைகளில் மீன் ஆறியது.

டுவைட் ஷவலைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "என்னம்மா, உன் அளவுகோலும் புல்லுக்குள்ள போயிடுச்சா?"

"போச்சு, நானே சொன்னேன்ல? நீ என்னைக்காவது சொன்னியா?"

டுவைட் ஷவலை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு நகர்ந்தார். நோரீன் என் பக்கம் திரும்பாமலே வீட்டுக்குப் போனாள். கோடை முழுக்க வேலிக்கு அந்தப்புறமிருந்து ஒரு வார்த்தை இல்லை.

நவம்பரில் முதல் புயல். ஏழு மணிக்குப் பத்து நிமிடம் முன்பு மஞ்சள் விளக்கு என் வீட்டெதிரில் வந்து நின்றது. நோரீன் இறங்கி நேரே என் ஷெட்டுக்குள் போனாள். பின்னாலேயே ஓடினேன். மெஷினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அளவுகோல் இருக்கிற அதே பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அளந்து முடிச்சதும் தரேன்."

"அப்ப என் வாசல்? எட்டு மணிக்குப் பள்ளிக்கூடம்!"

அவள் லாரியில் ஏறினாள். ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு பனி தள்ளும் பத்தடி அகலத் தகட்டை இறக்கி, ஊர் லாரியை என் வாசலுக்குள் திருப்பினாள்.