சுப்புராயன் கேட்கும் கேள்விகள்

“இன்னா தவசி, பயறுல வண்டு வந்துச்சே, அது இன்னா ஆச்சு?” என்று கேட்டுவிட்டு, மளிகைக்கடைத் தூணில் தோளைச் சாய்த்துக்கொள்கிறார் சுப்புராயன்.

கடைக்காரர் தவசிமுத்து தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். “அதை ஏன்ணே கேக்கிய!” என்று ஆரம்பித்தால், மூட்டையைப் பிரித்தது, வெயிலில் காயவைத்தது, வேப்பிலை போட்டது எல்லாம் சொல்லி முடிக்க நான்கு நிமிடமாகும். அதுவரை சுப்புராயன் தலையை மட்டும் ஆட்டுவார்.

திருவொற்றியூரில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கி, வாரியக் குடியிருப்பின் மூன்றாம் மாடி போய்ச் சேர்வதற்குள் இப்படி ஆறு நிறுத்தங்கள். ஐம்பத்தொரு வயதில் இத்தனை ஊர்வம்பா என்று தெரு சிரிக்கிறது. வம்பு இல்லை, மூச்சு. கேள்வி கேட்க ஒரு மூச்சு போதும். பதில் சொல்வது அடுத்தவர் பாடு. வேடிக்கை என்னவென்றால், மூச்சுக்காகக் கேட்கப்போய், இப்போது அந்த வண்டு என்ன ஆனது என்று தெரியாமல் மனிதருக்கு நிஜமாகவே தூக்கம் வருவதில்லை.

எண்ணூரில் ஒரு யார்டில் பதினெட்டு வருடமாக பிளாஸ்டிங் வேலை. காற்றோடு மணலைப் பீய்ச்சிப் பழைய டேங்குகளின் துருவை உரிக்க வேண்டும். கிளம்பும் தூசியில் தன் கையே தனக்குத் தெரியாது. மூக்கைச் சுற்றி ஓர் ஈரத்துண்டு, மாலையில் காண்டிராக்டர் தரும் வெல்லக்கட்டி, இவ்வளவுதான் காப்பு. “வெல்லம் துண்ணா தூசியெல்லாம் வவுத்துக்கு எறங்கிடும்” என்பது காண்டிராக்டரின் கட்சி. இறங்கியது வெல்லம் மட்டும்தான்.

காசநோய் மாத்திரையை ஆறு மாதம் விழுங்கியும் இருமல் நிற்கவில்லை. டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்தார். இது காசநோய் இல்லை, மணல் தூசி நுரையீரலில் படிந்து தழும்பாகிவிட்டது, போனது திரும்பாது, வேலையை விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

“பொண்ணு அம்மு நர்சிங் முடிக்க இன்னும் ஒரு வருசம் கீதே சார்” என்றார் சுப்புராயன்.

யார்டில் மூச்சிரைப்பவனுக்கு மறுநாள் வேலை கிடையாது. அதனால் அங்கேயும் கேள்விதான். சாரத்தில் பாதி ஏறியதும் நின்று, தூரத்தில் தெரியும் கப்பல் எந்த நாட்டுடையது என்று விசாரிப்பார். சீட்டை வீட்டு மாரியம்மன் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டார். வெள்ளிதோறும் அந்தப் படத்தைத் துடைப்பவள் தன் மனைவி பவுனம்மாள் என்பதை எப்படி மறந்தாரோ, அந்த அம்மனுக்கே வெளிச்சம்.

சனிக்கிழமை மாலை, காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு வந்த பவுனம்மாளும் அவரும் ஒன்றாகப் படியேறினார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவர் வாயைத் திறப்பதற்குள், “முட்டி வலிக்குதுய்யா” என்று காலிக் கூடையை இறக்கிவைத்துப் படியில் உட்கார்ந்தாள். விடியலிலிருந்து நின்றே விற்பவள். முட்டி வலி என்று இதுவரை சொன்னதே இல்லை.

“நீ கேக்கறதுக்குள்ள நானே சொல்றேன். இன்னிக்கு ஏலத்துல ஒரே பேஜாரு” என்று தொடங்கி, சண்டை, சமாதானம், வராமல் போன ஐஸ் வண்டி என்று அவர் மூச்சு அடங்கும்வரை நீட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “படத்தாண்ட சொருவி வெச்ச சீட்ட அம்மு படிச்சி சொல்லிச்சி” என்றாள்.

சுப்புராயனுக்குக் கேள்வி எதுவும் வரவில்லை. “இன்னும் ஒரு வருசம் தானேம்மே...” என்று இழுத்தார். பாவம், அழுகையும் மூச்சும் ஒன்றாக வந்தன.

“அந்த ஒரு வருசத்த நான் பாத்துக்கறேன்.”

எழுந்து, அவர் தோளில் கிடந்த வேலைத் துண்டை உருவினாள். முறுக்கி, வட்டமாகச் சுருட்டி, சும்மாடாகத் தன் தலையில் வைத்து, அதன்மேல் கூடையை ஏற்றிக்கொண்டாள்.