ஊரைச் சொல்லாமல் அவிழ்ப்பதில்லை

நான் வீட்டில் அதிகம் பேச மாட்டேன். “இந்த மனுசனுக்குக் கரண்டு வந்தாத்தான் வாய் தெறக்கும்” என்பாள் என் சம்சாரம். பொய் இல்லை. ரேடியோ செட் கட்டுவது என் தொழில். கல்யாணம், காதுகுத்து, திருவிழா, துக்கம், எதற்குக் கூப்பிட்டாலும் போவேன். தை, மாசியில் மஞ்சுவிரட்டுக்கு மைக் பிடிப்பேன். படிப்பு ஐந்தாவதோடு சரி.

மஞ்சுவிரட்டில் மைக் பிடிக்கிறவனுக்கு ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதி வைக்கவில்லை. தொழுவை விட்டு மாடு வெளியே வருமுன் அது எந்த ஊர் மாடு என்று சொல்லிவிட வேண்டும். நம் ஊரா, ஆகாத ஊரா என்று பார்க்கக் கூடாது. ஊரைச் சொல்லாமல் அவிழ்த்தால் அது அநாமத்து மாடு. பிடித்தவனுக்கும் பெருமை இல்லை, பிடிபடாத மாட்டுக்கும் பெருமை இல்லை. ஒரு வருஷம் வேறு ஒரு மைக்குக்காரன், பகையை மனதில் வைத்துக்கொண்டு ஒரு மாட்டின் ஊரை முழுங்கிவிட்டான். அன்றைக்கு அவன் மேடையை விட்டு இறங்கி வீடு போய்ச் சேர போலீஸ் ஜீப் வர வேண்டியிருந்தது.

பெண்கள் கூடைப்பந்து லீக் எங்கள் ஊர் காரைக்குடிக்கு வந்தபோது என்னைத் தேடி ஒரு தம்பி வந்தார். சென்னைப் பையன், டீமுக்கு மேனேஜர். என் மஞ்சுவிரட்டுப் பேச்சை யாரோ போனில் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்திருக்கிறார்.

“அண்ணா, அதே எனர்ஜி வேணும். மாடு எடத்துல பொண்ணுங்க. அவ்ளோதான்.”

“இதே மாதிரி எங்க ஊருப் பொம்பளைக முன்னாடி சொல்லிறாதீக தம்பி” என்றேன்.

ஒத்துக்கொண்டேன். நன்றாகச் செய்தால் அடுத்த வருஷம் டீம் போகிற ஊருக்கெல்லாம் என்னையும் கூட்டிப்போவதாகச் சொன்னார். அங்கெல்லாம் கூரை போட்ட அரங்கமாம். எனக்கு அதில்தான் ஆசை விழுந்தது. இத்தனை வருஷமாக என் குரல் பொட்டலில் போய்ப் பொட்டலிலேயே கரைந்துவிடுகிறது. நாலு சுவருக்குள் ஆயிரம் பேர் நடுவில் அது எப்படிக் கேட்கும் என்று ஒரு தடவை தெரிந்துகொள்ள நினைத்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. சம்சாரம் மட்டும் எப்படியோ மோப்பம் பிடித்து, சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுவிட்டாள்.

எங்கள் ஊரில் அரங்கம் இல்லை. பள்ளிக்கூட மைதானத்தில் சிமெண்ட் தரைக்கு மேல் ஷீட் விரித்து, சுற்றிலும் இரும்புக் குழாயில் கேலரி கட்டி, லைட் போட்டிருந்தார்கள். டீமுக்கு எங்கள் ஊர்ப் பேர். சட்டையில் செட்டிநாட்டு வீட்டுக் கதவு படம். ஆடுகிற பிள்ளைகளை மட்டும் ஏலத்தில் எடுத்திருந்தார்கள். எங்கெங்கோ இருந்து வந்த பிள்ளைகள். டீக்கடையில் பேச்சு ஓடியது.

“நம்ம ஊரு டீமுல நம்ம ஊரு யாருய்யா?”

“ஏன், சட்டையில கதவு இருக்குல்ல.”

முதல் ஆட்டத்தன்று எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. பந்தை மேலே தூக்கிப் போட்டதும் “அவிழ்த்தாச்சு, அவிழ்த்தாச்சு!” என்று கத்தினேன். கேலரி சிரித்தது. பக்கத்தில் கணக்கு எழுதுகிற மேசையில் ஒரு பி.டி. டீச்சர். எங்கள் ஊர் மாதா கோயில் பக்கம் வீடு. நான் தப்பாகச் சொன்னால் ஸ்கேலால் மேசையைத் தட்டுவார்.

“நடந்துட்டா. அதான் விசில்” என்றார்.

“நடந்தா என்ன தப்பு டீச்சர்?”

“பந்தத் தட்டாம நடந்தா தப்பு.”

நான் மைக்கில் சொன்னேன்: “பந்தைத் தட்டாமல் நடந்த குற்றத்துக்காகப் பந்து பறிமுதல்!” டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் ஒரு வேலையை மட்டும் சரியாகச் செய்தேன். ஆட்டம் தொடங்குமுன் இரண்டு டீம் பிள்ளைகளிடமும் போய், “தாயி, உங்க ஊரு எது?” என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். எழுதிக்கொள்ளவில்லை. மாட்டுக்கு எழுதியா வைக்கிறோம், மனதில்தான். ஒரு பிள்ளை சென்னை என்றது. சென்னையில எங்க என்றேன். வியாசர்பாடி என்றது. அதைச் சொன்னேன். மேனேஜர் தம்பிக்கு அன்றைக்கு ரொம்ப சந்தோஷம். “சூப்பர்ணா, வேற லெவல்” என்றார்.

அடுத்த ஆட்டம் அரையிறுதி. வெளியூர் டீம் பஸ்ஸில் வந்து இறங்கியது. கேட்கப் போனேன். ஒரு பிள்ளை, குட்டையாக, தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தது, நான் வாயைத் திறக்குமுன்னே சொன்னது.

“கண்டரமாணிக்கம்.” எங்களுக்குப் பக்கத்து ஊர்.

“யாரு வீட்டுப் புள்ள?”

“கம்மாக்கரை ரைஸ்மில்லுக்காரர் மக.”

“அட, உங்கப்பன் கல்யாணத்துக்கு நான்தான் செட்டு கட்டுனேன். மாப்பிள்ள ஊர்வலத்துல ஜெனரேட்டர் நின்னு போச்சு.”

“அத இன்னைக்கு வரைக்கும் எங்கம்மா சொல்லிக் காட்டுது, சித்தப்பா.”

இந்தப் பிள்ளை ஏலத்துக்கு வந்தபோது எங்கள் ஊர் டீம் எடுக்கவில்லை. உயரம் பத்தாதாம். வேறு ஊர்க்காரன் எடுத்துவிட்டான். அதுவே சொன்னது. வருத்தமாகச் சொல்லவில்லை. ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே சொன்னது. மற்ற பிள்ளைகளிடம் எனக்காகக் கேட்டுச் சொன்னதும் அதுதான். மலையாளத்துப் பிள்ளைகள் இரண்டு பேர். பஞ்சாபுக்காரி ஒருத்தி. கறுப்பாக, நெடுநெடுவென்று ஒரு வெளிநாட்டுப் பெண். அவள் நாட்டின் பேரைச் சொன்னாள். நாடு வேண்டாம், ஊர் என்றேன். அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு சொன்னாள். நாக்கு புரளவில்லை. திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். சரியாக வந்ததும் கைகொட்டிச் சிரித்தாள்.

திரும்பி வந்தால் மேனேஜர் தம்பி முகம் சரியில்லை. வெளியே கண்டரமாணிக்கத்தில் இருந்து வேனில் ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். கையில் தப்பு மேளம். வேனுக்குப் பின்னால் டிராக்டரும் வந்தது.

“அண்ணா, இன்னைக்கு ஓனர் வர்றாரு. கேலரி நம்ம டீமுக்குத்தான் கத்தணும். நம்ம பொண்ணுங்களுக்கு மியூசிக் போட்டு நல்லா சொல்லுங்க. எதிர் டீமுக்கு நம்பர் மட்டும் போதும்.”

“நம்பரா?”

“ஆமா. நாலு, ஏழு, ஒம்போதுன்னு. ஊரு வேணாம். எல்லா ஊர்லயும் இப்படித்தாண்ணா பண்றாங்க.”

“தம்பி, ஊரைச் சொல்லாம நான் அவுக்கிறதில்ல.”

“இது மாடு இல்லண்ணா.”

“அதத்தான் நானும் சொல்றேன். மாட்டுக்கே சொல்லுறோம்.”

அவர் குரலை இறக்கினார். “பைனல் இருக்கு. அடுத்த வருஷம் இருக்கு. எல்லாம் உங்களுக்காகப் பேசி வச்சிருக்கேன். கெடுத்துக்காதீங்க.” நல்ல பையன்தான். அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது.

எனக்குப் பழைய நினைப்பு ஒன்று வந்தது. வயசுக் காலத்தில் வெளிநாட்டில் கட்டட வேலைக்குப் போனேன். ஹெல்மெட்டில் ஒரு நம்பர் எழுதிக் கொடுத்தார்கள். சாப்பாட்டுக்கும் அந்த நம்பர், சம்பளத்துக்கும் அந்த நம்பர். காய்ச்சலில் படுத்தபோது டாக்டரும் அந்த நம்பரைத்தான் கூப்பிட்டார். என்னோடு வேலை பார்த்த ஒருவர் அங்கேயே செத்துப்போனார். பெட்டியில் நம்பர்தான் ஒட்டியிருந்தது. அவர் எந்த ஊர் என்று எங்களில் ஒருவனுக்கும் தெரியவில்லை. அதிலிருந்து யாரைப் பார்த்தாலும் முதலில் ஊரைக் கேட்பேன்.

லைட் போட்டார்கள். முதலாளி சோபாவில் வந்து உட்கார்ந்தார். எங்கள் ஊர் டீமை முதலில் கூப்பிட்டேன். மியூசிக் போட்டார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஊரைச் சொன்னேன். ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை. பிறகு எதிர் டீம். மியூசிக்கை நிறுத்திவிட்டார்கள். டீச்சர் என்னைப் பார்த்தார். ஸ்கேலைத் தூக்கி மேசைக்கு அடியில் வைத்துவிட்டார்.

நான் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்தேன். மலையாளத்து ஊர்களைச் சொன்னேன். பஞ்சாப் ஊரைச் சொன்னேன். வெளிநாட்டுப் பெண்ணின் ஊரைச் சொன்னேன், நாக்கு புரண்டது. அவள் ஓடி வரும்போது இரண்டு கையையும் தூக்கினாள். கடைசியாக, “இந்தா வருது, நம்ம கண்டரமாணிக்கம்!” என்றேன். தப்பு முழங்கியது. கேலரிக் குழாய் ஆடியது. எங்கள் ஊர்க்காரர்களும் எழுந்து நின்றுதான் கத்தினார்கள். அவர்களுக்கு அது எதிரி டீம் என்று யாரும் சொல்லவில்லை.

முதலாளி சோபாவில் இருந்து மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான் செய்தார்.

முதல் பாதி முடிந்து விசில் ஊதியதும் மேனேஜர் வந்தார். பின்னால் கோட்டுப் போட்ட இன்னொரு ஆள், கையில் வேறு மைக்.

“அண்ணா, நீங்க கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க.”

“புள்ளையா பெத்திருக்கேன், ரெஸ்ட் எடுக்க? போன்னு சொல்லுங்க தம்பி, போயிடுறேன்.”

நானாக எழுந்தேன். கேலரியில் கண்டரமாணிக்கத்துக்காரர்கள் நடுவில் போய் உட்கார்ந்தேன். கோட்டுக்காரர் நன்றாகத்தான் பேசினார். பாதி இங்கிலீஷ். எதிர் டீமுக்கு நம்பர்.

கடைசியில் எங்கள் ஊர் டீம் ஒரு பாயிண்ட் முன்னால் இருந்தது. கண்டரமாணிக்கத்துப் பிள்ளையைத் தள்ளிவிட்டார்கள் என்று விசில். யாரும் தடுக்காமல் நின்ற இடத்தில் இருந்து இரண்டு தடவை கூடையில் போடலாம். இரண்டும் விழுந்தால் அவர்கள் டீம் ஜெயிக்கும். வேனில் வந்தவர்கள் எல்லாம் எழுந்து ஊர்ப் பேரைச் சொல்லித் தப்படித்தார்கள். முதல் பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது. இரண்டாவது வளையத்தைக்கூடத் தொடவில்லை. எங்கள் ஊர் டீம் பைனலுக்குப் போனது. முதலாளி கைதட்டினார்.

என் முன்னால் நின்ற ஆள் திரும்பினார்.

“யோவ் மைக்கு, ஒன்னாலதான்யா போச்சு. ஊரச் சொல்லி உசுப்பேத்திவிட்ட. புள்ள கை நடுங்கிப் போச்சு.”

“நடுங்கட்டும்” என்றேன்.

“என்னது?”

“அவ ஊருக்காக நடுங்குனா. நம்பருக்காக எவனும் நடுங்க மாட்டான்.”

அடிக்க வந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

பஸ்ஸுக்குப் பக்கத்தில் அந்தப் பிள்ளை முழங்காலில் ஐஸ் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கண் சிவந்திருந்தது. நான் தள்ளியே நின்றேன். அதுதான் கூப்பிட்டது.

“சித்தப்பா, ஒங்கள வெரட்டிட்டாங்களா?”

“ம்.”

“நல்லா வேணும். அம்புட்டுப் பேரு கத்துனா எப்புடிப் போடுறது?”

“சொல்லாம விட்டிருக்கலாமா?”

அது மூக்கைத் துடைத்துக்கொண்டது.

“ஊரச் சொல்லுங்க. நான் பந்து போடயில மட்டும் எல்லாரு வாயையும் மூடச் சொல்லுங்க.”

அது நியாயம். அதை நான் ஒத்துக்கொண்டேன்.

வீட்டில் சம்சாரம் சோறு போட்டாள். சொந்தக்காரர்களுக்கு என்ன சொல்வது என்று கேட்டாள். நடந்ததைச் சொல்லச் சொன்னேன். “கோயமுத்தூரு, மெட்ராஸுன்னு பீத்திட்டேனே” என்றாள். பிறகு குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

பைனல் அன்றைக்கு நேமத்தான்பட்டியில் ஒரு காதுகுத்து. லீக்குக்காக அந்த வேலையை மச்சானிடம் விட்டிருந்தேன். திரும்ப வாங்கிக்கொண்டேன். தெரு முழுக்கக் குழாய் ஸ்பீக்கர் கட்டினேன். சாயங்காலம் மேனேஜர் தம்பி போன் பண்ணினார். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. எடுத்தேன்.

“அண்ணா, கேலரி செத்துக் கெடக்கு. டிவில வேற வருது. ஓனரே உங்களக் கூப்பிடச் சொல்லிட்டாரு. வண்டி அனுப்புறேன், வந்துடுங்க.”

“ஊரு சொல்லலாமா?”



“நம்ம டீமுக்குச் சொல்லுங்கண்ணா. அவங்களுக்கு நம்பர். இன்னைக்கு ஒரு நாளு. அடுத்த வருஷம் அரங்கத்துல நீங்கதான், நான் எழுதியே தர்றேன்.”

கூரை போட்ட அரங்கம் ஒரு தடவை கண்ணுக்குள் வந்து போனது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

தெரு முனையில் மேளச் சத்தம். தாய்மாமன் வீட்டார் சீர்த்தட்டோடு தெருவுக்குள் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

“தம்பி, வைங்க. மாமன் வந்துட்டாக. சொல்லணும்.”

போனை அணைத்தேன். எந்த ஊர் மாமன் என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டேன். நாச்சியாபுரம் என்றார். இந்த வீட்டுக்காரர்களுக்கும் அந்த ஊர்க்காரர்களுக்கும் போன வருஷம்தான் அடிதடி ஆகியிருந்தது. “ஊரச் சொல்லாம மாமன்னு மட்டும் சொல்லிருங்களேன்” என்று மெதுவாகச் சொன்னார்.

மைக்கைத் தட்டிப் பார்த்தேன். கரண்டு இருந்தது. தெரு முழுக்க நாச்சியாபுரம் என்று கேட்டது.