இராமனின் முகம் ஒட்டிய புட்டி

ஸ்ரீகாந்த் ஜின் புட்டியை நீட்டியபோது ராஜகுமாரி முதலில் பார்த்தது லேபிளைத்தான். விளக்குத் தொப்பி, கன்னமெல்லாம் புழுதி. அவளுடைய அப்பா இராமன். கீழே பொன்னெழுத்தில், 'எங்கள் தந்தை, கோலார் தங்கவயல்.'

ஸ்ரீகாந்த் அவள் கணவன் ராகவேந்திராவின் அண்ணன். கடல் தாண்டி வந்து பிளாக்டவுனில் ஷெட் பிடித்து, குடும்பமாகத் தொடங்கிய ஜின் ஆலை அது. தங்கச் சுரங்கத்துப் பிள்ளைகள் காய்ச்சும் சரக்கு என்பதுதான் விளம்பரம். உண்மையில் சுரங்கத்துக்குள் இறங்கியவர் இராமன் ஒருவர்தான். அண்ணன் தம்பியின் அப்பா மேலே ஆபீசில் உட்கார்ந்து, ஓடி வந்த இராமனை இரண்டு நிமிஷத் தாமதத்துக்காகத் திருப்பி அனுப்பிய குமாஸ்தா.

ஆறு வருஷம் அந்த ஆலைக்கு மூக்கு ராஜகுமாரிதான். செம்புக் கொப்பரையிலிருந்து முதலில் சொட்டுவது விஷம்; அதை ஒதுக்க வேண்டும். அவள் இரண்டு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து, "இப்ப பிடிங்க" என்பாள். போன வருஷம் அந்த வேலைக்கு ஒரு மெஷின் வந்தது.

"உன் மூக்குக்கு ரெஸ்ட் குடு, குமாரி. வீட்ல ரசம் கொதிக்குதான்னு பாரு" என்று சுற்றிப் பார்க்க வந்தவர்கள் முன்னால் ஸ்ரீகாந்த் சிரித்தார். அதே வாரம் ஆல்பத்திலிருந்த அப்பா லேபிளில் ஏறினார். அவளை யாரும் கேட்கவில்லை.

இப்போது அதே ஸ்ரீகாந்த், "மெல்பர்ன் ஜின் போட்டிக்கு நாளைக்குக் கடைசி நாள். சும்மா ஒரு தடவ மோந்து பாரும்மா" என்றார்.

தேய்த்து முகர்ந்தாள். ஜின்னுக்கு வாசம் தரும் ஜூனிப்பர் காய், கொத்தமல்லி, ஆரஞ்சுத் தோல். அதற்குப் பின்னால், கற்பூரம்.

ஆயுத பூஜைக்குக் கொப்பரைக்கு மாலை போட்டு ஆரத்தி காட்டினார்கள். மிச்சக் கற்பூரப் பாக்கெட்டை யாரோ ஜூனிப்பர் மூட்டைக்குள் செருகியிருக்க வேண்டும். தினமும் சாமி கும்பிடுகிற மூக்குகளுக்கு அது உறைக்காது. மெஷினுக்கு மூக்கே கிடையாது. வெள்ளைக்கார ஜட்ஜுக்கு மூடியைத் திறந்ததுமே தெரிந்துவிடும்.

சொன்னால் போதும், பழைய புட்டிகளை அனுப்பித் தப்பித்துக்கொள்வார். அவள் லேபிளை இன்னொரு முறை பார்த்தாள்.

"அனுப்புங்க மாமா. உங்க மெஷின் பார்த்தது தப்பாவா போகும்?"

"அப்படிச் சொல்லு!"

அன்று நார்த்மீட் வீட்டில் அவள் நெய் ஒழுகக் கேசரி கிளறினாள். "என்ன விசேஷம்?" என்றான் ராகவேந்திரா. "சும்மாதான்" என்று இரண்டாவது கரண்டி வைத்தாள்.

மூன்று வாரம் கழித்து ஸ்ரீகாந்த் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"பாச்சை உருண்டை நாத்தம்னு எழுதிட்டானுங்க! கடைக்காரனுங்க எல்லாம் கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறானுங்க. உனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"குடும்பத் தொழிலு, குமாரி! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எங்கப்பாவ உங்கப்பாவாக்குறப்ப நீங்க ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"விடு குமாரி" என்று எழுந்த ராகவேந்திரா, அவள் பார்த்த பார்வையில் உட்கார்ந்தான்.

ஸ்ரீகாந்த் குரலை இறக்கினார். "சரி, இராமன்னு பேரு போட்டுர்றேன். வந்து அடுத்த பேட்ச மோந்து குடு."

"பேரு வேணாம். ஷெட்ல இருக்கிற எல்லாப் புட்டியிலயும் லேபிள உரிங்க. ஆள் வெச்சு இல்ல, உங்க கையால. நான் உக்காந்து பாக்கணும். அப்புறம் மோந்து பாக்கலாமான்னு யோசிக்கிறேன்."

சனிக்கிழமை காலை. ஒரு வாளி வெந்நீர், நானூறு புட்டி. ஸ்ரீகாந்த் நகத்தால் சுரண்ட, முதல் படம் பாதியில் கிழியப் பார்த்தது. ராஜகுமாரி நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"முகம் கிழியக் கூடாது மாமா. ஊற வெச்சு, மெதுவா."