முப்பத்தொன்பதாயிரம் ரூபாய் விளையாட்டு

விலை விசாரிக்கப்படாமல் எங்கள் வீட்டுக்குள் எந்தப் பொருளும் நுழைந்ததில்லை. குடை வாங்கினாலும் சரி, குக்கருக்கு ரப்பர் வளையம் வாங்கினாலும் சரி, அப்பா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எவ்ளோ?" என்பார். சொன்ன விலையைவிடக் குறைவாக அது எங்கே கிடைத்திருக்கும் என்பதையும் அவரே சொல்லிவிடுவார். மெயின்லேண்டிலிருந்து கப்பலேறி வரும் சாமான்களுக்கு எங்கள் தீவில் விலை கூடத்தான் செய்யும் என்பது துறைமுகப் பட்டறையில் ஃபிட்டராக இருந்த அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்திருந்தும் ஒவ்வொரு முறையும் புதிதாக வருத்தப்படுவார்.

அந்த வீட்டுக்குள்தான் அத்தை ஒரு வீடியோ கேம் பெட்டியோடு வந்து இறங்கினாள். எனக்கு அப்போது பத்து வயது.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. முப்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில், மற்றத் தீவுகளுக்குப் போகும் கப்பல்களுக்கு டிக்கெட் கொடுக்கும் கவுண்டரில் வேலை பார்த்தாள். மரைன் ஹில் சரிவில் அப்பாவுக்குக் கிடைத்திருந்த குவார்ட்டர்ஸில் ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஓர் அடுப்படி. அறையில் அப்பாவும் அம்மாவும் நானும் படுப்போம். ஹாலில் அத்தை. காலையில் நாங்கள் எழுந்து வருவதற்குள் பாயைச் சுருட்டி சோபாவுக்குப் பின்னால் செருகியிருப்பாள். அங்கே ஒருத்தி படுத்திருந்த சுவடே இருக்காது. அவளுடைய துணிமணிகள் எங்கள் பீரோவின் அடித்தட்டில் இருந்தன. ஒரு சேலை எடுக்க வேண்டுமென்றாலும் கதவைத் தட்டிவிட்டுத்தான் வருவாள்.

ஆபீசில் ஏதோ பயிற்சிக்கென்று அவளை மூன்று வாரம் சென்னைக்கு அனுப்பியிருந்தார்கள். தங்கியிருந்த தோழி வீட்டுப் பையன் சாயங்காலங்களில் தன் வீடியோ கேமை இவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறான். ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் இவள் போய் ஒன்று வாங்கிவிட்டாள். மூன்று நாள் கப்பலில் அந்த அட்டைப்பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

பெட்டியின் படத்தைப் பார்த்ததுமே நான் குதிக்க ஆரம்பித்தேன். எனக்கா என்று கேட்டேன்.

"இல்லட்டி. எனக்கு," என்றாள் அத்தை. "நீயும் ஆடலாம்."

அப்பா வழக்கம்போல் பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். விலையைக் கேட்டார். அத்தை பாதியாகக் குறைத்துச் சொல்லியிருக்கலாம். அம்மா சேலைக்கு அப்படித்தான் சொல்வாள். அத்தை உள்ளதைச் சொன்னாள். முப்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரம்.

அப்பா பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். அடுப்படியிலிருந்து அம்மா வந்து, இந்தக் காசுக்கு இரண்டு வாஷிங் மெஷின் வாங்கலாமே என்றாள்.

"ரெண்டு நாளைக்கு ஒருக்க தண்ணி வருது மைனி. வாஷிங் மெஷின்ல துணியை அடுக்கியா வைப்பிய?" என்றாள் அத்தை. அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவுக்கு வரவில்லை.

அந்த விலை மலையை விட்டு இறங்கி ஊரெல்லாம் போய்வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றால் யாராவது அத்தையிடம் அதைப் பற்றிக் கேட்டார்கள். பக்கத்து குவார்ட்டர்ஸ் பெங்காலி மாமி, "இத்னா பைசா? கேல்னே கே லியே?" என்று, விளையாட்டுக்கா இவ்வளவு காசு என்று, கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அப்பாவே, காலில் பட்ட காயத்தைக் காட்டுவதுபோல, டிவிக்குக் கீழே இருந்த அந்தக் கறுப்புப் பெட்டியைக் காட்டி விலையைச் சொல்வார். அதற்கு அந்த விலை தகுமா என்று எல்லோரும் ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துப் போனார்கள். அத்தையின் சம்பளத்தில் பாதிக்குமேல் எங்கள் வீட்டுச் செலவுக்குத்தான் போகிறது என்பது அந்தப் பேச்சுகளில் ஒருமுறைகூட வரவில்லை. எனக்கும் அது அப்போது தெரியாது.

சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் டிவி அம்மாவின் சீரியல்களுக்கும் அப்பாவின் செய்திகளுக்கும் போய்விடும். அத்தைக்குக் கிடைத்தது விடியற்காலை. எங்கள் ஊரில் ஐந்து மணிக்கே நல்ல வெளிச்சம் வந்துவிடும். அத்தை பாயைச் சுருட்டி வைத்து, கடுங்காப்பி போட்டுக்கொண்டு, டிவியின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு உட்காருவாள். சில நாள் நானும் எழுந்துபோய் அவள் மடியில் தலைவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கடையில் இரண்டு ஆட்டம் வாங்கியிருந்தாள். ஒன்று கார் பந்தயம். அது எனக்காக. மற்றது அவளுடையது. அதில் ஒரு மலைச்சரிவில் நமக்கு வெறும் மனை கொடுப்பார்கள். காய்கறி போட்டு, விற்று, அந்தக் காசில் செங்கல்லும் மரமும் வாங்கி வீடு கட்டவேண்டும். சண்டை கிடையாது, ஓட்டம் கிடையாது. எனக்கு அது சுத்த அறுவையாகத் தோன்றியது. அத்தை ஒரு ஜன்னலை வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்ப்பாள். பிறகு அதைப் பெயர்த்து ஒரு முழம் தள்ளி வைப்பாள். அதற்கே ஒரு காலை முழுவதும் போய்விடும். ஒரு வருஷத்துக்குமேல் அப்படிக் கட்டினாள். கீழே ஒரு கூடம், மேலே ஓர் அறை, அந்த அறைக்கு நீலக்கதவு, வெளியே நாற்காலி போட்ட மொட்டைமாடி. அதில் அவளுடைய ஆள் ஒருத்தி மட்டும் நடமாடிக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் பால் வாங்கிவிட்டு வந்த அம்மா பின்னால் நின்று பார்த்தாள். பிறகு, "அடுப்படில ஜன்னல் இல்லையே. புகை எங்க போவும்?" என்றாள். அத்தை அங்கேயே ஒரு ஜன்னல் வைத்தாள். அதற்கப்புறம் அம்மா சில காலைகளில் பால்பாத்திரத்தோடு வந்து நிற்பது உண்டு. இந்தச் சுவரில் ஓர் அலமாரி போடு, அங்கே கறிவேப்பிலை வை என்று சொல்லிவிட்டுப் போவாள். அப்பாவிடம் மட்டும் அதைச் சொல்லமாட்டாள்.

சனிக்கிழமைகளில் நான் கார் ஓட்டலாம். ஒரே நிபந்தனை, அத்தையின் ஆட்டத்தைத் தொடக்கூடாது.

அந்த ஜூலையில் மழை விடாமல் அடித்தது. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். கடல் சரியில்லாமல் கப்பல்கள் ரத்தாகி, டிக்கெட் காசைத் திரும்பக் கேட்பவர்கள் கூட்டத்தில் அத்தை மாட்டிக்கொண்டிருந்தாள். அம்மா அறையில் படுத்திருந்தாள். மேட்டு குவார்ட்டர்ஸிலிருந்து என் வகுப்புத் தோழி வந்திருந்தாள். அவள் அப்பா பெரிய அதிகாரி. அவர்கள் வீட்டில் ஏசி இருந்தது, மீன்தொட்டி இருந்தது. வீடியோ கேம் இல்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இரண்டு பந்தயம் ஓட்டியதும் அவளுக்கு அலுத்துவிட்டது. அவளை உட்கார வைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. அத்தையின் ஆட்டத்தைப் போட்டு வீட்டைக் காட்டினேன். அவள் வாயைப் பிளந்து பார்த்தாள்.

"யே தேரா ஹை?" என்றாள். உன்னுடையதா?

"மேரா ஹீ ஹை," என்றேன். என்னுடையதேதான்.

அப்படியானால் முதலிலிருந்து எப்படிக் கட்டுவது என்று காட்டு என்றாள். நான் வெளியே வந்து புது ஆட்டம் என்பதை அழுத்தினேன். பழையது அழிந்துவிடும், பரவாயில்லையா என்று திரையில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்தது. அந்தக் கேள்வி எனக்குப் புரியவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். புரிந்தது. ஆனால் அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொந்த வீடாக இருந்தால் இதற்கெல்லாம் தயங்கமாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. அழுத்திவிட்டேன்.

வெறும் மனை வந்தது. "இஸ்மே தோ குச் நஹீ ஹை," என்றாள் அவள். இதில் ஒன்றுமே இல்லையே. அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் கரண்ட் போய்விட்டது. மழை நாளில் அது எப்போதும் போவதுதான். தோழி குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கரண்ட் திரும்ப வந்ததும் நான் பெட்டியைப் போட்டுப் பார்த்தேன். வெறும் மனைதான் இருந்தது. அணைத்துவிட்டேன்.

மறுநாள் விடியற்காலை விழித்துக்கொண்டே கண்ணை மூடிப் படுத்திருந்தேன். ஹாலில் ரிமோட்டின் பொத்தான் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் நின்றுபோனது.

தோசை தின்னும்போது அத்தை கேட்டாள். "நேத்து என் ஆட்டத்தை யாரும் தொட்டியளா?"

இரவெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். "கரண்ட் போச்சு அத்தை. நான் கார் ஓட்டிட்டு இருக்கும்போதே போச்சு."

அத்தை அப்பாவைப் பார்த்தாள். கரண்ட் போனால் உள்ளே சேர்த்து வைத்ததெல்லாம் அழியுமா என்று கேட்டாள். அப்பா இருபது வருஷமாக மெஷின்களோடு இருப்பவர். அவருக்கு டீசல் எஞ்சின் தெரியும். இந்தப் பெட்டி தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

"அழியும், அழியும். எலெக்ட்ரானிக் சாமான்லா. ஒரு கரண்ட் கட்டுக்குத் தாங்காத சாமானுக்கு முப்பத்தொன்பதாயிரம்," என்றார்.

அம்மா தோசைக்கரண்டியோடு வந்து நின்று, "அந்த அடுப்படியும் போச்சா?" என்று கேட்டாள். அத்தை தலையாட்டினாள். அம்மா உள்ளே போய்விட்டாள்.

அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அத்தை ஐந்து மணிக்கு எழுந்தாள், கடுங்காப்பி குடித்தாள். பெட்டியைப் போடவில்லை. ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போய் அவள் மடியில் தலைவைத்தேன். என் தலையைக் கோதிவிட்டாள். அவள் திட்டியிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியவில்லை.

மாதக் கடைசியில் பெட்டியை வாங்க எதிர்க்கரை பாம்பூஃப்ளாட்டிலிருந்து ஒரு வாத்தியார் ஃபெர்ரி ஏறி வந்தார். அவருடைய மகனுக்காகப் பழைய வீடியோ கேம் தேடிக்கொண்டிருந்தாராம். மலையாளி. இந்தியில்தான் பேச்சு. இருபத்தைந்தாயிரம் என்று முதலிலேயே பேசி வைத்திருந்தார்கள். பெட்டி நன்றாக ஓடுகிறதா என்று அவர் கேட்டதும் அத்தை ஒளிக்காமல் சொன்னாள். "லைட் ஜாயேகா தோ சப் மிட் ஜாயேகா." கரண்ட் போனால் எல்லாம் அழிந்துபோகும். வாத்தியார் யோசித்தார். ஐயாயிரம் குறைத்துக்கொண்டார். அத்தை சரி என்றாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு இதையெல்லாம் கேட்டபடி நின்றேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பணத்தில் அத்தை மாடியில் பெரிய தண்ணீர்த் தொட்டி வாங்கி வைத்தாள். அப்பா அதைத் தட்டிப் பார்த்து, விலை கேட்டு, முதல்முறையாக, "இது காசுக்கு ஏத்த பொருள்," என்றார். வீட்டில் தண்ணீர்க் கஷ்டம் குறைந்தது. அடுத்த வருஷம் அத்தை தானாகவே கேட்டு வேறொரு தீவிலிருக்கும் ரங்கத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

போன வருஷம் முதல் சம்பளம் வாங்கியதும் ரங்கத்துக்குப் போய் அவளோடு இரண்டு நாள் இருந்தேன். ஒற்றை அறை குவார்ட்டர்ஸ். மாமர நிழல் விழும் வாசல். அவளுக்கு ஒரு புது வீடியோ கேம் வாங்கித் தரலாம் என்ற எண்ணத்தோடுதான் போயிருந்தேன். அதைச் சொல்லப் போய், மற்றதையும் சொன்னேன். தோழி வந்தது, அந்தக் கேள்வி, அழுத்தியது, எல்லாம்.

அத்தை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"அப்போ மெஷின் மேல தப்பு இல்லையா?"

இல்லை என்றேன்.

"அந்த வாத்தியார்ட்ட அநியாயமா பொய் சொல்லிட்டேனே பாரு," என்றாள். அவருக்கு ஐயாயிரம் லாபம்தானே என்று நான் சொன்னது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

அன்றைக்கே தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று கேட்டேன்.

"உனக்கு ரெண்டு வச்சிருப்பேன். ரெண்டு நாள் பேசியிருக்க மாட்டேன். பொறவு அஸ்திவாரத்துலேருந்து ஆரம்பிச்சிருப்பேன்," என்றாள். "கரண்ட் போனா போயிரும்னா எத்தனை வாட்டி கட்டுறது சொல்லு. அழிச்சது நீதான்னா திரும்பக் கட்டிரலாம்லா."

புதிது வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இப்போதெல்லாம் கண் வலிக்கிறதாம்.

பெட்டியை விற்ற அன்றைக்கு வாத்தியாரின் ஆட்டோ மரைன் ஹில் இறக்கத்தில் போனபோது நான் வாசலில் நின்று அவருக்குக் கையசைத்தேன். பெட்டி போய்விட்டது, இனி யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது என்று எனக்கு அத்தனை நிம்மதி. அத்தை என் பக்கத்தில் நின்றிருந்தாள். அவளுக்கும் அது நிம்மதியாகத்தான் இருக்கும் என்று நினைத்து, அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன்.