ஏழாவது நிபந்தனை

போன செவ்வாய்க்கிழமை ஒரு பெண் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல எனக்கு இருபது வருடம் இருந்தது. சொல்லவில்லை.

செங்கம் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு இல்லம் இருக்கிறது. ரோட்டோரத்தில் வளரும் பிள்ளைகளைச் சேர்த்து, சோறு போட்டு, பள்ளிக்கூடம் அனுப்புகிறார்கள். பக்தர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் அறக்கட்டளை. கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு சில வருடங்கள் அதன் செயலாளராக இருந்தேன். இப்போதைய செயலாளர் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனதால், அன்று அட்மிஷன் மேஜையில் என்னை உட்கார வைத்திருந்தார்கள்.

அந்தப் பெண் எட்டு வயது மகளோடு வந்தாள். கிரிவலப் பாதையில் அகல் விளக்கும் கற்பூரமும் விற்கிறாள். பிளாட்பாரத்தில் தார்ப்பாய் கட்டி வாசம். மகள் பெயர் யாழினி.

"கையெழுத்துப் போடுங்கம்மா" என்று படிவத்தை நீட்டினேன். எழுதப் படிக்கத் தெரிந்தவள். வரிவரியாகப் படித்தாள். ஏழாவது நிபந்தனையில் விரலை வைத்தாள்.

"இது இன்னும் இருக்கா சார்?"

'பௌர்ணமி நாட்களில் பிள்ளைகள் வெளியே செல்லக் கூடாது. மீறினால் நீக்கப்படுவர்.'

அதை எழுதியவன் நான்.

எங்கள் ஊர்ப் பௌர்ணமியைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மலையைச் சுற்ற ஜனம் கடலாகத் திரளும். வழியெல்லாம் அன்னதானம். புளியோதரைப் பொட்டலம், சுண்டல், மோர். ரோட்டோரத்துக் குடும்பங்களுக்கு வயிறு நிறையும் நாள் அது. இல்லத்துப் பிள்ளைகளும் அன்றைக்கு அம்மாவைத் தேடி நழுவிவிடுவார்கள். அதைத் தடுக்கத்தான் இந்த நிபந்தனை. ஒழுங்கு, ஒழுங்கு என்று அலைந்த காலம்!

இருபது வருடத்துக்கு முன் ஒரு பௌர்ணமிக்கு மறுநாள், மாதாமாதம் மதியச் சாப்பாடு கொடுக்கும் ஒருவர் போன் செய்தார். "சார், நேத்து நம்ம இல்லத்துப் பொண்ணு யூனிஃபார்மோட ரோட்ல பொட்டலத்துக்குக் கை நீட்டிக்கினு நின்னுச்சு. பார்க்கவே அசிங்கமா இருந்துச்சு."

சுமதியைக் கூப்பிட்டேன். ஆறாம் வகுப்பு.

"ஏன் போன?"

"எங்கம்மாவுக்குக் கால் வராது சார். நெரிசல்ல நிக்க முடியாது. வாங்கிக் குடுத்துட்டு ஓடியாந்துட்டேன்."

உண்மையைத்தான் சொன்னாள். நம்பவும் நம்பினேன். ஆனாலும் நீக்கினேன். 'ஒழுக்கக் குறைவு காரணமாக' என்று கடிதமும் எழுதிக் கொடுத்தேன். நல்ல தமிழில்.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதே பௌர்ணமியில் நானும் மலை சுற்றினேன். அதே வரிசையில் நின்றேன். அதே புளியோதரைக்குக் கை நீட்டினேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டேன். நான் நீட்டினால் பிரசாதம்... அவள் நீட்டினால் பிச்சை. அந்த வித்தியாசத்தை எந்தப் புத்தகத்தில் படித்தேன்?

படிவத்தில் தாயின் பெயரைப் பார்த்தேன். சுமதி.

"நீ... நீங்க..."

"ஆமா சார். உள்ள வரும்போதே உங்களத் தெரிஞ்சிக்கினேன். அதனாலதான் கேக்கறேன்."

எழுந்து நின்றுவிட்டேன்.

"உக்காருங்க சார், வயசானவரு" என்றாள். "உங்க லெட்டர எடுத்துக்கினு இன்னொரு ஹாஸ்டலுக்குப் போனோம். படிச்சுப் பார்த்துட்டு வேணாம்னு அனுப்பிட்டாங்க. எங்கம்மா கேட்டுச்சு, 'சோறு வாங்கினதுக்கா இவ்ளோ பெரிய வார்த்த?'ன்னு."

"தப்பு பண்ணிட்டேம்மா."

மன்னித்துவிட்டேன் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேனா? ஆமாம், எதிர்பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது.

"அத உடுங்க சார். எம்பொண்ணு பௌர்ணமிக்கு என்னப் பார்க்க வருவா. ஒரு மணி நேரம், அவ்ளோதான். வந்தா பேர எடுத்துடுவீங்களா? எடுத்துடுவீங்கன்னா இப்பவே சொல்லிடுங்க, கூட்டிக்கினு போயிடறேன். சேர்த்துட்டு அப்புறம் தொரத்தினா புள்ள தாங்காது."

யாழினி அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

கல்யாண வீட்டுக்குப் போன் போட்டேன். மேளச் சத்தத்துக்கு நடுவே செயலாளர் சிரித்தார். "நீங்க எழுதின ரூல்தானே சார்? அதாலதான் இல்லம் பேர் கெடாம ஓடுது."

"தப்பா எழுதிட்டேன் தம்பி."

இரண்டு மூன்று முறை கெஞ்சினேன். கடைசியில் இறங்கி வந்தார். "சரி சார், உங்களுக்காக. ஆனா யூனிஃபார்ம் போட்டுக்கினு போகக் கூடாது. கலர் டிரஸ்ல போவட்டும். யாருக்கும் தெரியாது, நமக்கும் பிரச்சனை கம்மி."

எனக்குப் பெரிய நிம்மதி. நியாயமான ஏற்பாடாகத்தான் பட்டது. இத்தனை வயதுக்கும் புத்தி அவ்வளவுதான்! சந்தோஷமாக அவளிடம் சொன்னேன்.

சுமதி மறுப்பாகத் தலையை ஆட்டினாள்.

"வேணாம் சார். யூனிஃபார்ம்லதான் வரணும்."

"ஏம்மா? யாராவது பார்த்தா..."

"பார்க்கணும்னுதான் சார் சொல்றேன். அந்த ரோட்ல இருக்கற அத்தினி பேரும் பார்க்கணும். எம்பொண்ணு படிக்கறான்னு தெரிய வேணாமா?"

ஒரே சட்டை. கொடையாளருக்கு அது அசிங்கமாகத் தெரிந்தது. செயலாளர் மறைக்கச் சொல்கிறார். நானும் சரி என்றேன். அந்தச் சட்டையைப் பெருமை என்று சொல்ல எங்களில் ஒருவனுக்குக்கூடத் தோன்றவில்லை. தர்மம் செய்கிறோம் என்று வேறு சொல்லிக்கொள்கிறோம்.

பேனாவை எடுத்து ஏழாவது நிபந்தனையை அடித்தேன். பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். அதிகாரம் உண்டா? கிடையாது. யாழினியின் பெயரைப் பதிவேட்டில் எழுதி, வார்டன் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன்.

செயலாளருக்கு இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வார்... நீக்குவதென்றால் இந்த முறை என் பெயரை நீக்கட்டும்.